தாய் முயலுக்கும் பத்தியம் உண்டு!

"அம்மா, முயல் குட்டி போட்டிருக்கு! ஆனா குட்டிங்க பக்கத்துலயே போக மாட்டேங்குது" என்று மூச்சிரைக்க ஓடி வந்தான் என் பையன். போய்ப் பார்த்தேன். தன் வயிற்று ரோமத்தைப் பிய்த்து மெத்தை போட்ட பெட்டிக்குள் கண் திறவாத ஆறு குட்டிகள். தாயோ மறு மூலையில் எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தது. பால் சுரக்கவில்லை என்று நானே முடிவு கட்டி, பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோல் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டேன்!

நல்ல வேளை, கால்நடை டாக்டரைக் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பூண்டும் வெங்காயமும் முயலுக்கு ஆகவே ஆகாதாம், இரத்தத்தைக் கெடுத்துவிடுமாம். தாய் முயல் நாளுக்கு ஒரு தடவை, அதுவும் பெரும்பாலும் விடியற்காலையில், மூன்று நான்கு நிமிஷம்தான் பால் கொடுக்கும். நாம் எழுந்து காப்பி போடுவதற்குள் வேலை முடிந்துவிடும்! குட்டியின் வயிறு உருண்டையாக இருந்து, தோலுக்கடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தால் கவலையே வேண்டாம். வயிறு ஒட்டி, தோல் சுருங்கிக் கிடந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் பத்தியமே வேண்டாமா? வேண்டும் சகோதரிகளே. அடர்தீவனம் தினம் 150 கிராம் அளவில் கொடுத்து, கூடவே தழையும் போட வேண்டும். முருங்கைக்கீரையில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. குதிரைமசால், வேலிமசால், அகத்தி எல்லாமே நல்லவைதான். முயல்மசால் என்ற பெயரிலேயே ஒரு தீவனப் பயிர் இருக்கிறதே! சவுண்டல் தழையை மட்டும் அளவோடு போடுங்கள். அதிகமானால் முடி கொட்டும். எதையும் பறித்தவுடன் போடாமல் நிழலில் வாட விட்டுப் போடுவது என் வழக்கம்.

மாட்டுக்குப் பால் பெருக என்று கொடுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியையும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, ஒரு சிட்டிகை தவிட்டில் பிசைந்து வைத்துப் பார்த்தேன். தின்றது. குட்டிகளும் தேறின. ஆனால் அன்றுதான் தண்ணீர்க் கிண்ணத்தையும் இரண்டாக்கியிருந்தேன். பால் கொடுக்கும் முயல் ஒரு நாளில் ஒரு லிட்டர்கூடக் குடிக்கும். என் ஓட்டு தண்ணீருக்குத்தான்!

நான் தவறியது குட்டிகள் விஷயத்தில். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறந்து, மூன்றாம் வாரம் பெட்டியைவிட்டுத் துள்ளி வந்தன. ஆசையில் பனி ஈரத்தோடு அகத்திக்கீரையை அள்ளிப் போட்டேன். மறுநாளே வயிறு உப்பிக் கழிச்சல். ஓம வாட்டர், சுக்குத் தண்ணீர் என்று நானே வைத்தியம் பார்த்ததில் ஒரு முழு நாள் வீணாயிற்று. மூன்று குட்டிகள் போய்விட்டன. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வயதில் அவற்றுக்குத் தாய்ப்பாலும் காய்ந்த புல்லும்தான் ஆகாரம். தழையைப் பிறகு இரண்டு மூன்று இலையாகப் பழக்க வேண்டும். கூண்டில் புழுக்கை தேங்கினால் இரத்தக் கழிச்சல் நோயும் வரும். அதற்குப் பச்சிலையை நம்பி உட்காராமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஐந்தாறு வாரத்தில் பால் மறக்கச் செய்யும்போது, குட்டிகளைப் பழகிய கூண்டிலேயே விட்டுத் தாயை மட்டும் மாற்றுங்கள். தாயின் தீவனத்தைச் சில நாள் குறைத்தால் பால் தானே வற்றிவிடும்.