தொடக்கச் சூழல் (சோலாரிசு)

தொடக்கச் சூழல் என்பது, ஒரு கணினியைத் தொடங்கி இயக்கத் தேவையான இயங்குதளக் கோப்புகளின் முழுமையான தொகுப்பாகும். ஒரே வழங்கியில் பல தொடக்கச் சூழல்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே இயங்கும். ஆரக்கிள் நிறுவனம் 2011இல் வெளியிட்ட சோலாரிசு 11 இயங்குதளத்தில் இவற்றை மேலாளும் கட்டளை ‘பிஇ-அட்ம்’ ஆகும்.

தேவை

பலரும் பயன்படுத்தும் வழங்கியில் இயங்குதளத்தை இற்றைப்படுத்தும்போது பிழை நேர்ந்தால் பணிகள் முடங்கும். எனவே இயங்கும் அமைப்பைத் தொடாமல், அதன் நகலில் மாற்றங்களைச் செய்வது பாதுகாப்பானது. பழைய அமைப்பு அப்படியே இருப்பதால், மறுதொடக்கம் செய்து அதற்குத் திரும்பிவிடலாம்.

செயற்படும் முறை

சோலாரிசு 11இன் மூலக் கோப்பு முறைமை இசட்.எஃப்.எஸ் ஆகும். புதிய சூழலை உருவாக்கும்போது, அம்முறைமை முதலில் நொடிப்படம் ஒன்றை எடுத்து, அதிலிருந்து நகலை அமைக்கிறது. தொடக்கத்தில் இரு சூழல்களும் ஒரே தரவுத் தொகுதிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. மாறும் பகுதிகள் மட்டுமே புதிய இடத்தில் எழுதப்படுகின்றன. ஆகவே நகல் சில நொடிகளில் உருவாகும். தொடக்கத்தில் மிகக் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும்.

முதன்மைக் கட்டளைகள்

* கிரியேட் – புதிய சூழலை உருவாக்கும்.
* லிஸ்ட் – சூழல்களைப் பட்டியலிடும். ‘என்’ குறி இப்போது இயங்குவதையும், ‘ஆர்’ குறி அடுத்த தொடக்கத்தில் இயங்கவிருப்பதையும் காட்டும்.
* ஆக்டிவேட் – அடுத்த தொடக்கத்துக்கான சூழலைத் தேர்ந்தெடுக்கும்.
* மவுண்ட் – இயங்காத சூழலின் கோப்புகளைத் திறந்து பார்க்க உதவும்.
* டிஸ்ட்ராய் – சூழலை நீக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் சூழலை நீக்க இயலாது.

இயங்குதளத்தின் மையப் பகுதிகளை மாற்றும் இற்றைப்படுத்தலின்போது ‘பேக்கேஜ் அப்டேட்’ கட்டளை தானாகவே புதிய சூழலை உருவாக்கிக்கொள்ளும். புதிய சூழல் தொடங்க மறுத்தால், எக்ஸ்86 கணினிகளில் ‘கிரப்’ பட்டியலிலிருந்து பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். இசுபார்க் கணினிகளில், ‘பூட்’ கட்டளையுடன் ‘-எல்’ தெரிவைச் சேர்த்தால் அப்பட்டியல் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

* தொடக்கச் சூழல் காப்புப்படிக்கு மாற்றாகாது. எல்லாச் சூழல்களும் ஒரே சேமிப்புக் குளத்தில் இருப்பதால், குளம் பழுதானால் அனைத்தும் அழியும்.
* பயனர்களின் இல்ல அடைவுகள் பொதுவாகச் சூழலுக்கு வெளியே உள்ளன. பழைய சூழலுக்குத் திரும்பினாலும், அழித்த பயனர் கோப்புகள் மீளா.
* இடைப்பட்ட காலத்தில் அமைப்புக் கோப்புகளில் செய்த மாற்றங்கள் பழைய சூழலில் இருக்கமாட்டா.
* சேமிப்புக் குளத்தின் பதிப்பை உயர்த்திவிட்டால், பழைய சூழல்கள் தொடங்காமல் போகலாம். புதிய சூழல் நன்கு இயங்குவதை உறுதிசெய்த பின்னரே பதிப்பை உயர்த்த வேண்டும்.
* பழைய சூழல்கள் இருக்கும்வரை, அவை பயன்படுத்தும் தரவுத் தொகுதிகள் விடுபடுவதில்லை. தேவையற்றவற்றை நீக்கினால்தான் வட்டில் இடம் கிடைக்கும்.

பிற இயங்குதளங்களில்

சோலாரிசின் முந்தைய பதிப்புகளில் ‘லைவ் அப்கிரேடு’ என்னும் கருவி இப்பணியைச் செய்தது. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில், 2018இல் வெளியான 12.0 பதிப்பிலிருந்து ‘பிஇ-சிடிஎல்’ கட்டளை இடம்பெற்றுள்ளது.