இணையத்தில் வீட்டு முகவரி

வீட்டிற்குக் கதவு எண் இருப்பதுபோல, இணைய இணைப்பிற்கும் ஓர் எண் உண்டு. அதனை ஐ.பி. முகவரி என்பர். நாம் காணும் வலைத்தளம் அவ்வெண்ணை அறியும். அதனை மறைக்க விரும்புவோர் வி.பி.என். செயலியைப் பயன்படுத்துவர். அது நம் எண்ணிற்குப் பதிலாக வேறோர் எண்ணைக் காட்டும்.

அவ்வேற்று எண் பெரும்பாலும் தரவு மையம் ஒன்றிற்கு உரியது. அத்தகைய எண்களைச் சில வலைத்தளங்கள் எளிதில் கண்டறிந்து தடுத்துவிடும். குடியிருப்புகளின் எண்களோ ஐயத்தை எழுப்புவதில்லை. ஆதலால் அவற்றிற்கு மதிப்பு மிகுதி.

அவற்றைச் சிலர் வீட்டாரின் இசைவுடன் பெறுகின்றனர். வேறு சிலர் வஞ்சித்துப் பெறுகின்றனர். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், ‘911 எஸ்5’ என்னும் வலையமைப்பை முடக்கியதாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. இலவச வி.பி.என். செயலிகளின் வழியாகக் கணினிகளுள் நுழைந்த அது, 1.9 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளைக் கைப்பற்றியிருந்தது. எங்கோ இருந்தவர்கள் செய்த மோசடிகள், ஏதுமறியாதவர்களின் வீடுகளிலிருந்து நிகழ்ந்தனபோல் தோன்றின.

ஆகவே, விலையின்றிக் கிடைக்கும் செயலியை நிறுவுமுன், அதனை வழங்குபவர் யார் என்பதையும், நம் இணைப்பைப் பிறருக்கு அளிப்பரா என்பதையும் ஆராய்தல் வேண்டும். நம்மை மறைக்க நாடிய திரை, நம் வாயிலைப் பிறருக்குத் திறந்துவிடலாகாது.