மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: அழகுபடுத்தும்போது அழிந்துபோகும் வரலாறு

வேலணையை அடுத்த சரவணையில் அண்மையில் ஒரு வீட்டு முற்றத்தில் பழைய ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் கார் ஒன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விடுமுறைக்காகப் புலம்பெயர் நாட்டிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர், தமது தந்தையார் வாடகைக்கு ஓட்டிய அந்தக் காரைப் பெருஞ்செலவில் திருத்தி எடுத்திருந்தார். புதிய கறுப்பு வர்ணம், மின்னும் குரோமியப் பூச்சு, புதிதாகத் தைத்த ஆசனங்கள் என்று கார் பொலிவுடன் நின்றது. ஊர்ப் பிள்ளைகள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைக் கேட்டு வருவோரும் இருப்பதாக அறிந்தோம். மகிழத்தக்க காட்சிதான் அது.

ஆயினும் கொட்டிலின் மூலையில் பழைய இரும்புகளோடு கிடந்த ஒரு சிறு தகரத் தாங்கியும், ஒரு முழ நீளச் செப்புக் குழாயும், அதில் பொருத்தியிருந்த திருகியும் நமது கண்ணில் பட்டன. அவை என்னவென்று கேட்டோம். தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்காகத் தந்தையார் பூட்டியவை என்றும், காருடன் வந்த அசல் உறுப்புகள் அல்ல என்பதால் கழற்றிவிட்டதாகவும் அவர் கூறினார். அந்தக் கார் கடந்துவந்த வாழ்வின் மிகப் பெறுமதியான பகுதி பழைய இரும்போடு சேர்ந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றியது. அதற்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கார்களை மாற்றியமைத்து ஊரறியக் காட்டும் பழக்கத்தில் உலகப் புகழ் பெற்றவர்கள் அமெரிக்கர்கள். 1964ஆம் ஆண்டு மாதிரியாகப் பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. என்ற கார் அங்கு விற்பனைக்கு வந்தது. நடுத்தர அளவுடைய உடலில் 6.4 லீற்றர் கொள்ளளவும் 325 குதிரைவலுவும் கொண்ட எட்டு உருளை இயந்திரத்தைப் பொருத்தியிருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் போர்ட் மஸ்ராங் அறிமுகமாயிற்று. இத்தகைய கார்களை 'மசில் கார்' என்று அழைத்தார்கள். அவற்றை வாங்கிய இளைஞர்கள் காபரேற்றரை மாற்றினர், புகைக்குழாயை மாற்றினர், இன்னும் வேகம், இன்னும் ஓசை என்று போட்டியிட்டனர். அக்காலத்து மாற்றங்களும் இன்று அந்தக் கார்களின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே மதிக்கப்படுகின்றன.

அந்த மோகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவற்றுள் ஒன்று எண்ணெய்த் தடை என்பது குறிப்பிடத்தக்கது. காப்புறுதிக் கட்டணமும் புகை தொடர்பான சட்டங்களும் முன்னரே நெருக்கடி கொடுத்திருந்தன. 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் விதித்த தடையால் பெற்றோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டபோது, எரிபொருளை அள்ளிக் குடிக்கும் கார்களை விரும்புவோர் குறைந்தனர். அமெரிக்காவில் ஒரு தடை கார்களை ஓய்வு பெறச் செய்தது. யாழ்ப்பாணத்திலோ ஒரு தடை, ஓய்வு பெற்றிருக்க வேண்டிய கார்களை மீண்டும் உழைக்க வைத்தது.

நமது மண்ணுக்கு ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் வந்த காலம் வேறு. அரச உத்தியோகத்தரும் ஆசிரியரும் வைத்தியரும், தென்னிலங்கை நகரங்களில் கடை நடத்திய தீவக வர்த்தகரும் அவற்றை வாங்கினர். சோமசெற் 1952 முதல் 1954 வரை உற்பத்தியானது. 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரம். ஏறத்தாழ 40 குதிரைவலு. அமெரிக்கக் காரின் வலுவில் எட்டில் ஒரு பங்குதான். 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வாகனத் தகடுகளில் புகுத்தப்பட்டு, அதற்கு எதிராகத் தமிழர் போராட முன்னரே பதிவாகிய வண்டிகள் என்பதை இவற்றின் ஆங்கில எழுத்துத் தகடுகள் இன்றும் காட்டுகின்றன. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் யப்பானியக் கார்களைக் கொண்டுவந்தது. அமைதி நிலவியிருந்தால் ஒஸ்ரின்கள் அத்துடன் ஒதுங்கியிருக்கும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் ஆகியன செல்வதை அரசு தடைசெய்தது. களவாக வந்த பெற்றோல் போத்தல் கணக்கில், எட்டாத விலைக்கு விற்பனையாயிற்று. கட்டுப்பாட்டோடு கிடைத்த மண்ணெண்ணெயே பலருக்கும் கதியாயிற்று. புதிய கார்கள் இந்த உணவை ஏற்க மறுத்தன. பழைய ஒஸ்ரினும் மொறிஸும் ஏற்றுக்கொண்டன.

அதன் சூட்சுமம் எளியது. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது. அதிகமாக நெருக்கினால் உரிய வேளைக்கு முன்னரே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். அக்காலப் பிரித்தானிய இயந்திரங்களில் எரிகலவை நெருக்கப்படும் அளவு குறைவு. ஆகவே முதலில் சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, நன்கு சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் அது ஓடும். சரவணையில் நாம் கண்ட சிறு தாங்கி பெற்றோலுக்கானது. திருகி ஒன்றை மூடி மற்றதைத் திறப்பதற்கானது. செப்புக் குழாயைச் சூடான புகைக்குழாயின் அருகே வளைத்துக் கொண்டுசென்றால் மண்ணெண்ணெய் சூடேறியே காபரேற்றரை அடையும். பற்றறி இல்லாதபோது, முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இயந்திரத்தை எழுப்பினார்கள்.

இது எவரும் கண்டறியாத புதுமை அல்ல. பிரித்தானியாவின் பேர்கசன் உழவு இயந்திரங்கள் சில, பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடும் வகையில் ஆலையிலேயே தயாரிக்கப்பட்டன. ஆலையில் பொறியியலாளர் செய்ததை நமது கராஜ்களில் வரைபடமோ உதிரிப்பாகமோ இன்றிச் செய்து முடித்தார்கள் என்பதே பெருமை. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்தது. பிளக்குகளில் கரி படிந்தது. வண்டியின் பின்னால் வெண்புகை எழுந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவது ஓட்டுநரின் அன்றாடக் கடமையாயிற்று.

இத்தகைய கார்கள்தான் கர்ப்பிணிகளையும் காயமுற்றோரையும் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றன. சரவணைக் காரின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 1990 ஓகஸ்டில் தீவகத்தில் படை நடவடிக்கை தொடங்கியபோது அக்குடும்பம் இந்தக் காரில் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றது. பின்னர் தீவகம் படையினரிடமும் குடாநாடு புலிகளிடமும் இருந்தமையால், அடுத்த சில ஆண்டுகள் அந்தப் பாலம் ஊருக்கான பாதையாக இருக்கவில்லை. அக்காலத்தில்தான் சிறு தாங்கி பூட்டப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, மழையில் நெருக்குண்ட சனத்திரளின் நடுவே அதே தாங்கியுடன் இக்கார் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றது. இந்தப் பயணத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று கொட்டில் மூலையில் கிடக்கிறது.

இவ்வரலாற்றைப் பேசும்போது ஒரு வெற்றிடத்தை மறைத்துவிட்டுப் பேச முடியாது. அதே 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ். நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலும் 70,000க்கு மேற்பட்டோர் வீடு, கடை, நகை, வாகனம் அனைத்தையும் விட்டுச் சென்றனர். யாழ்ப்பாணத்தின் இரும்புக் கடைகளிலும் லொறிப் போக்குவரத்திலும் முஸ்லிம் வர்த்தகரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை முதியோர் அறிவர். ஒரு தமிழ்க் குடும்பம் தன் தந்தையாரின் காரைத் திருத்திப் பெருமையுடன் காட்டும் இந்நாளில், புத்தளத்தில் வளர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குத் தன் தந்தையாரின் லொறியை எங்கே தேடுவது என்றே தெரியாது. தடைக் கால வரலாறு எழுதப்படும்போது அந்த லொறிகளும் அதில் இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் அது பாதி வரலாறே.

அமைதிக் காலமும் இக்கார்களுக்கு வேறு வகையில் இழப்பைத் தந்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டதும் தென்னிலங்கையிலிருந்து பழைய கார் தேடி வாங்குவோர் வந்தனர். புதிய வாகனம் வாங்கப் பணம் தேவைப்பட்டோர் பழையதை விற்றனர். அவர்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. தீவகத்தில் பூட்டிய வீடுகளில் நின்ற வண்டிகள் உப்புக் காற்றில் கரைந்து போவதிலும் பார்க்க, ஓரிடத்தில் ஓடுவது மேலானது. ஆனால் வாங்கியோரும் முதலில் கழற்றி வீசியது தடைக் காலத்துப் பூட்டுகளைத்தான். தடை நிலவிய அதே 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. அவ்வேளை வடக்கில் ஒரு சிறு உதிரிப்பாகமும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. ஒரே தீவுக்குள் ஒரே காருக்கு இரு வேறு வரலாறுகள்.

கியூபா இதில் நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா விதித்த தடையால் அங்கு புதிய அமெரிக்கக் கார்களோ பாகங்களோ செல்லவில்லை. 1950களின் செவ்ரொலே கார்களுக்குச் சோவியத் பாகங்களையும் டீசல் இயந்திரங்களையும் பூட்டி ஹவானாவில் இன்றுவரை ஓட்டுகின்றனர். அந்த ஒட்டுவேலையைக் காணவே சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். பழைய வாகனங்களைப் பேணும் பன்னாட்டு அமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட ரூறின் பட்டயமும், ஒரு வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்கள் அதன் வரலாற்றுச் சான்றுகள் என்பதை ஏற்கிறது. ஆகவே 'அசல்' என்பது ஆலையிலிருந்து வெளிவந்த நாளை மட்டும் குறிப்பதல்ல.

நாம் வேண்டுவது பெரிய காரியமல்ல. காரைத் திருத்துவோர் தாராளமாகத் திருத்தட்டும், வர்ணம் பூசட்டும். பாதுகாப்புக்காக மண்ணெண்ணெய்க் குழாயைக் கழற்றுவதும் சரியே. ஆனால் கழற்றுமுன் படம் எடுங்கள். கழற்றியதை வீசாது, யார் பூட்டியது, எந்த ஆண்டு பூட்டியது என்று ஒரு துண்டில் எழுதிக் காருடனேயே வையுங்கள். இயந்திரத்தையே மாற்றுவோர் அதனை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்வது சட்டக் கடமை என்பதையும் மறக்கலாகாது.

அதனிலும் அவசரமானது, அந்த வேலையைச் செய்த கைகளைத் தேடிச் செல்வது. தடைக் காலத்தில் முப்பது வயதிலிருந்த கராஜ்காரருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்களுள் பலரின் அறிவு எந்த நூலிலும் இல்லை. யாழ். பல்கலைக்கழக மாணவரும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் அவர்களிடம் சென்று கேட்டுப் பதிவுசெய்யலாம். சோனகதெருவுக்கு மீண்டு வந்தோரிடமும், புத்தளத்திலேயே தங்கிவிட்டோரிடமும் அதே கேள்விகளோடு செல்ல வேண்டும்.

2022இல் முழு நாடும் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்றது. தெற்கு மக்களுக்குப் புதிதாயிருந்த அந்த அனுபவம் வடக்கு மக்களுக்குப் பழையது. அன்று நாம் எவ்வாறு சமாளித்தோம் என்று அடுத்த தலைமுறை கேட்டால், மின்னும் வர்ணத்தால் பதில் சொல்ல இயலாது. அந்தச் சிறு தகரத் தாங்கியால் இயலும். சரவணை வீட்டுக்காரரிடம் அதைத் துடைத்துக் காரின் பின்பெட்டியில் வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.