காவல் நாய்க்குப் பயிற்சிக் கழுத்துப்பட்டி: தெரிவும் பொருத்துதலும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில் உள்ள குச்சவெளியும் அதனை அடுத்த ஊர்களும் ஒருபுறம் கடலையும் மறுபுறம் காட்டையும் எல்லையாகக் கொண்டவை. கரையோர மணல் நிலங்களிற் கிணற்று நீர் இறைத்து வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியவற்றைச் செய்கை பண்ணுகின்றனர். உள்நிலத்தில் மாரி மழையை நம்பியும் குளத்து நீரைக் கொண்டும் நெல் விளைகின்றது. கதிர் முற்றும் வேளையிற் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு வயலில் இறங்கினால் எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கமக்காரருக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. பரணிற் காவலிருப்பவருக்கு நல்ல நாயொன்று துணையாயின் அவர் சிறிது கண்ணயரலாம். இதன் பொருட்டு ஊர் நாயை விடப் பெரிய நாய்களை, சிறப்பாக அல்சேஷன் கலப்பு நாய்களை, விரும்பி வளர்ப்போர் உளர்.

ஆயினும் 30 கிலோகிராம் நிறையுள்ள நாய் பயிற்சி பெறாதிருப்பின் அது காவலன்று; தொல்லையே. வெங்காயப் பாத்திகளை மிதித்துச் சிதைக்கும். அயலவரின் கன்றைத் துரத்தி வழக்குக்கு வழி செய்யும். வரம்பிற் பிடித்துச் செல்லும் சிறுவனைச் சேற்றில் இழுத்து விழுத்தும். இத்தகைய நாயைப் பழக்கும்போது அணிவிக்கப்படுவதே பயிற்சிக் கழுத்துப்பட்டி. இதனை நாய் நாள்தோறும் அணியும் கழுத்துப்பட்டியுடன் ஒன்றாகக் கருதுதல் கூடாது. பயிற்சிப்பட்டி எருதின் நுகம் போன்றது. உழவு முடிந்ததும் நுகத்தை இறக்குவது போல, பாடம் முடிந்ததும் இதனையும் கழற்றிவிட வேண்டும். கழுத்துப்பட்டியால் நாய்களுக்கு நேரும் கேடுகளிற் பல இவ்வேறுபாட்டை மறந்தமையால் நேர்பவை.

எப்பட்டியை வாங்குவதாயினும் முதலில் அளவு எடுத்தல் வேண்டும். சணல் நூலொன்றைக் காதுகளுக்குச் சற்றுப் பின்னால், கழுத்தின் மேற்பகுதியிற் சுற்றி, மயிரை நெருக்காத அளவிற் பிடித்து முடிச்சிடுக. இது கழுத்தளவு. பின்னர் அதே நூலைத் தாடையின் கீழாகவும் நெற்றியின் மேலாகவும், தலையின் அகன்ற இடத்திற் சுற்றி மற்றொரு முடிச்சிடுக. இது தலையளவு. நூலை அடிமட்டத்தில் வைத்து இரண்டையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லலாம். நாயின் வயதைச் சொல்லிப் பட்டி வாங்குதல் பயனற்றது.

நாள்தோறும் அணியும் பட்டி தோலாலோ தடித்த பருத்தி நாடாவாலோ ஆனதாய், 1 அங்குலம் முதல் 1½ அங்குலம் வரை அகலமுடையதாய் இருத்தல் நன்று. பூட்டிய பின் பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். மூன்று விரல்கள் தாராளமாக நுழையுமாயின் நாய் தலையை உருவிக்கொள்ளும். ஒரு விரலும் நுழையாவிடின் தோல் புண்படும். கரையூர்களிற் கழித்துவிடப்பட்ட நைலோன் வலைக்கயிற்றை நாயின் கழுத்திற் கட்டிவிடும் பழக்கத்தை முற்றாகக் கைவிடல் வேண்டும். மெல்லிய கயிறு கத்தி போன்றது. இழுக்கும் நாயின் கழுத்தில் அது மயிரை அறுத்து, தோலை அறுத்து, புண்ணுக்குள் மறைந்து கிடக்கும். ஈ மொய்த்துப் புழு வைத்த பின்னரே வீட்டார் அறிவர்.

பயிற்சிப்பட்டிகளிற் பலரும் அறிந்தது சுருக்குச் சங்கிலி. இரு முனைகளிலும் வளையம் உள்ள சிறு சங்கிலி இது. சங்கிலியை ஒரு வளையத்தினூடாக நழுவவிட்டால் சுருக்கு அமையும். மற்றை வளையத்திற் பிடிவாரின் கொளுக்கியை மாட்டுவர். இதன் நீளம் தலையளவினும் 2 அங்குலம் கூடுதலாக இருத்தல் போதுமானது. தலையளவு 20 அங்குலமாயின் 22 அங்குலச் சங்கிலி பொருந்தும். அதனினும் நீண்டது தன் பாரத்தாற் கழுத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிடும். இழுத்த பின் விரைவில் தளராது. கண்ணிகள் சிறியனவாயும் வழுவழுப்பானவையாயும், ஒவ்வொன்றும் பற்றவைத்து மூடப்பட்டனவாயும் இருத்தல் வேண்டும். சங்கிலியைப் பழைய பருத்தித் துணியொன்றின்மீது இழுத்துப் பாருங்கள். நூல் சிக்குமாயின் நாயின் மயிரும் சிக்கும். அதனை வாங்க வேண்டாம்.

சுருக்குச் சங்கிலியை மாட்டுவதற்குச் சரியான திசை ஒன்றே உண்டு. நாய் உங்கள் இடப்புறத்தில் நிற்கின்றது எனக் கொள்வோம். பிடிவார் பூட்டப்பட்ட சங்கிலிப் பகுதி நாயின் கழுத்துக்கு மேலாக வந்து, உங்கள் பக்கமாக உள்ள வளையத்தினூடாக வெளிப்பட்டு உங்கள் கையை அடைதல் வேண்டும். அவ்வாறாயின் பிடிவாரைத் தளர்த்திய கணமே சங்கிலி தன் பாரத்தால் நழுவி விரிந்துவிடும். அப்பகுதி கழுத்துக்குக் கீழாக வந்து வளையத்தினுள் ஏறுமாயின், நீங்கள் தளர்த்திய பின்னும் சுருக்கு இறுகியே நிற்கும். நாயோ தான் சொற்கேட்டு நின்றமைக்கும் தண்டனை தொடர்கின்றது என எண்ணி மிரளும். இதனை எழுத்திற் படித்து விளங்குவது சற்றுக் கடினமே. கையில் வைத்துச் செய்து பார்ப்பது எளிது. முதலில் உங்கள் முன்கையில் மாட்டி, இழுத்தும் தளர்த்தியும் பாருங்கள். உடனே தளரும் பக்கம் எது என்பது அப்பொழுது புலப்படும். நாயை வலப்புறத்தில் நடத்திப் பழகியவர் சங்கிலியை மாற்றி மாட்டுதல் வேண்டும்.

சுருக்குச் சங்கிலி அணிந்த நாயை ஒருபோதும் கட்டி வைக்கலாகாது. தனியே விடவும் கூடாது. தோட்டத்திற் கட்டப்பட்ட நாய் இரவிற் பன்றியின் அரவங் கேட்டு வேலியைத் தாண்டிப் பாயும். கட்டிய சங்கிலி முட்கம்பியின் ஒருபுறமும் நாய் மறுபுறமுமாகத் தொங்கினால், தளர்த்துவதற்கு அங்கே கை இல்லை. விடியுமுன் நாய் இறந்துவிடும். கட்டையிலும் வேலிக்கம்பிலும் வளையம் மாட்டிக்கொள்ளுதலாலும் இதுவே நேரும். கட்டுவதற்குச் சாதாரணப் பட்டியும் சுழலும் கொளுக்கியுள்ள சங்கிலியுமே உரியவை. கட்டுமிடம் வேலிக்கு எட்டாத தூரத்தில் இருத்தல் அவசியம். இரு கம்பங்களுக்கிடையே கம்பி கட்டி, அதில் ஓடும் வளையத்திற் சங்கிலியைப் பிணைத்தால் நாய் வரிசை முழுவதும் நடமாடலாம்.

ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கும், இருமல் அல்லது கண்நோய் உள்ள நாய்க்கும் சுருக்குச் சங்கிலி ஆகாது. கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழல் இருக்கின்றது. கழுத்துப்பட்டியை இழுக்கும்போது நாயின் கண்ணினுள் அழுத்தம் உயர்வதை 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மார்பைச் சுற்றிப் பூட்டும் வாரை இழுத்தபோது அவ்வாறு உயரவில்லை.

ஆகவே, பழக்கமில்லாத கைக்குச் சுருக்குச் சங்கிலியை விட அரைச்சுருக்குப் பட்டியே ஏற்றது என்பது எமது கருத்து. இது ஓரளவுக்கு மேல் இறுகாது. அகன்ற பட்டியொன்றின் இரு முனைகளிலும் வளையம் தைத்து, அவ்விரு வளையங்களையும் ஒரு சிறு கயிற்றுத் தடத்தால் இணைத்தாற் பட்டி ஆயத்தம். பிடிவாரை அத்தடத்தில் மாட்ட வேண்டும். நாய் இழுக்கும்போது வளையங்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பட்டி கழுத்தைத் தழுவும், அதன்மேல் நெரிக்காது. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, இராசபாளையம் நாய்களைப் போல நீண்ட கழுத்தும் ஒடுங்கிய தலையும் உள்ளவை சாதாரணப் பட்டியிலிருந்து எளிதில் தலையை உருவிவிடும். அவற்றுக்கும் இதுவே தக்கது.

செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தோ வீட்டிலோ இதனைச் செய்துகொள்ளலாம். கழுத்தளவு 17 அங்குலமும் தலையளவு 20 அங்குலமும் உள்ள நாயை எடுத்துக்கொள்வோம். வளையங்கள் உட்படப் பட்டியின் நீளம் கழுத்தளவினும் 2 அங்குலம் குறைவாக, அதாவது 15 அங்குலமாக இருத்தல் வேண்டும். அகலம் 1½ அங்குலம். இணைக்கும் தடத்துக்கு முடிச்சு நீங்கலாக 12 அங்குலச் சுற்றளவு வரத்தக்கதாகச் சுண்டுவிரற் பருமனுள்ள பின்னற் கயிறு எடுக்க. விரித்துப் பிடித்தால் தடம் 6 அங்குல இடைவெளி தரும். பட்டியுடன் சேர்ந்து 21 அங்குலமாகித் தலையினூடாகச் செல்லும். இறுகும்போது வளையங்களுக்கிடையில் ஏறக்குறைய 2 அங்குலம் எஞ்சும். அணிவித்த பின் இதனைச் சோதித்தல் வேண்டும். இழுத்தபொழுது வளையங்கள் இரண்டும் முட்டிக்கொண்டால் பட்டி நீளமானது, நாய் உருவிக்கொள்ளும். இடைவெளி ஒரு கையகலத்துக்கு மேற்பட்டாற் பட்டி குட்டையானது. கயிறு தோலில் உராயும். தையலுக்கு மெழுகு பூசிய நூலை இரட்டையாகக் கொள்க.

உட்புறம் முட்கள் நீட்டிய இரும்புப் பட்டியையும், மின்னதிர்ச்சி தரும் பட்டியையும் சிலர் நாடுவர். இவை கமக்காரருக்கு வேண்டா. மின்னதிர்ச்சிப் பட்டியை வேல்ஸ் நாடு 2010 ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. முள்ளுப் பட்டி பண்டைக்காலம் முதல் உள்ளதே எனச் சிலர் வாதிடலாம். உரோமாபுரியைச் சேர்ந்த வர்ரோ என்பவர் கி.மு. 37 அளவில் எழுதிய வேளாண்மை நூலில் ஆணி பதித்த நாய்ப்பட்டியைக் குறிப்பிட்டுள்ளது உண்மையே. ஆனால் அந்த ஆணிகள் ஓநாயின் வாய்க்கு எதிராக வெளிப்புறம் நோக்கியவை. நாயின் கழுத்தில் இரும்பு படாதிருக்க ஆணித் தலைகளின் கீழ் மென்தோல் வைத்துத் தைக்குமாறும் அவர் கூறியுள்ளார். நாயை நோகச் செய்தற்கல்ல, நாயைக் காத்தற்கே அப்பட்டி அமைந்தது.

எப்பட்டியும் தானாக நாய்க்கு ஒன்றும் கற்பிப்பதில்லை. காலையும் மாலையும் வெயில் தணிந்த வேளையிற் பத்து நிமிடம் போதும். பிடிவார் எப்பொழுதும் தொய்ந்திருத்தல் வேண்டும். நாய் முந்தினால் நீங்கள் நின்றுவிடுங்கள். அது திரும்பி நோக்கி வார் தொய்ந்ததும் நல்ல சொல்லும், உப்பில்லாது அவித்த மீனில் ஒரு துண்டும் கொடுத்து, மீண்டும் நடவுங்கள். இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தால் நாய் இழுக்கவே கற்கும். வரம்பில் நடத்தலையும், பாத்தியில் இறங்காமையையும், ஆட்டையும் மாட்டையும் கண்டு சும்மா இருத்தலையும் இவ்வாறே பழக்கலாம்.

எல்லாவற்றிலும் மேலாக, “வா” என்றதும் திரும்பி வருதலைப் பழக்குங்கள். “சூ” என்று ஏவிவிட எல்லோருக்கும் தெரியும். திருப்பி அழைக்கத் தெரிந்தவர் சிலரே. பன்றிக்கெனச் சட்டத்துக்கு மாறாகச் சிலர் வைக்கும் வாய்வெடியும், கட்டுத்துவக்கும், மின்கம்பியும் நாய்க்கும் மனிதருக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. நீண்ட கயிற்றிற் பிடித்து ஓரிரு மாதம் நாள்தோறும் பழக்கிய பின்னரே நாயை வயல்வெளியில் அவிழ்த்துவிடலாம். யானை நடமாடும் இரவுகளில் நாயை ஏவவே கூடாது. யானை துரத்தினால் நாய் தன் எசமானிடமே ஓடி வரும். யானையும் அதன் பின்னே வரும்.

பழக்கும்போது நாய் கடித்தாலோ பல் கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். நாய்க்கு ஆண்டுதோறும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி ஏற்றுவித்து அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடற்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலால் வளையங்களும் பூட்டும் பித்தளையாகவோ துருவேறா உருக்காகவோ இருப்பின் நீடிக்கும். தோற்பட்டியை மாரிக்கு முன்னும் கச்சான் காற்று ஓய்ந்த பின்னும் துடைத்து ஆமணக்கெண்ணெய் பூசுக. கிழமைக்கு ஒருமுறை நாயின் பட்டியைக் கழற்றி, கீழேயுள்ள மயிரை விலக்கி, உண்ணியும் புண்ணும் உளவோ எனப் பார்த்தல் வேண்டும். வளரும் குட்டியாயின் அதே நாளில் இரு விரல் அளவையும் மீண்டும் பாருங்கள். இரண்டு மாதங் கவனியாது விட்ட பட்டி கழுத்தினுட் புதைந்துவிடக்கூடும். பயிற்சிப்பட்டியைப் பிடிவாருடன் சேர்த்துக் குடிலில் ஓர் ஆணியில், சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வைக்கவும்.