ஈரல் உண்டும் இரத்தம் ஊறாத பிள்ளை

திருவண்ணாமலையில் இரண்டு வீடுகளை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று, கோயிலின் மாட வீதியை ஒட்டிய வீடு; அங்கே முட்டைகூட அடுப்படிக்குள் நுழைவதில்லை. மற்றொன்று, சில தெருக்கள் தள்ளி நம்மவர் வாழும் வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் கறி மணக்கும். இரு வீட்டிலும் ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்று வெளுத்துச் சோர்ந்து, நடை பழக மறுத்து, தாயின் தோளிலேயே சாய்ந்து கிடக்கிறது. இரத்தப் பரிசோதனையில் பி12 என்னும் வைட்டமின் இரண்டு குழந்தைக்கும் மிகக் குறைவு என்று தெரியவருகிறது.

முதல் வீட்டுக்குக் காரணம் சொல்வது எளிது. தாவர உணவில் பி12 இல்லை. பாலும் தயிரும் ஓரளவுதான் ஈடு செய்யும். இரண்டாம் வீட்டுத் தாய்க்கு என்ன விடை சொல்வது? "ஈரல் வாங்கி அவித்து மசித்து ஊட்டுகிறேனே, பிள்ளைக்கு இரத்தம் ஊறவில்லையே!" என்று அவர் கேட்டால், அது வெறும் அங்கலாய்ப்பு அன்று, மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் பாடுபட்டு விடை கண்ட கேள்வி. அந்த விடை குடலில் மட்டும் இல்லை, சிறுநீரகத்திலும் இருக்கிறது. ஆகையால் வாசக அன்பர்களே, சற்றுப் பொறுமையுடன் என்னுடன் வாருங்கள்.

பி12ஐ ஆடு மாடுகளும் உண்டாக்குவதில்லை. செடி கொடிகளும் உண்டாக்குவதில்லை. சில நுண்ணுயிர்கள் மட்டுமே அதைச் செய்கின்றன. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கித் தருவதையே நாம் இறைச்சியாகவும் ஈரலாகவும் பாலாகவும் பெறுகிறோம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கி அதில் இரண்டு கூறு என்றால், எவ்வளவு சிறிது என்பது விளங்கும். அந்தத் துளி இல்லையேல் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் முறையாகப் பிரிய முடியாமல் ஊதிப் பருத்துச் சிதைகின்றன. நரம்புகளின் உறையும் கெடுகிறது.

துளியளவு பொருளாயிற்றே, அது உணவோடு உணவாகத் தானே இரத்தத்தில் கலந்துவிடும் என்று நினைக்கிறோமல்லவா? அப்படிக் கலப்பதில்லை. இரைப்பையின் அமிலம் முதலில் அதை இறைச்சியிலிருந்து பிரித்துவிட வேண்டும். பின்னர் இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். இந்தத் துணைவனை 'உள்ளார்ந்த காரணி' என்பர். இரைப்பையில் அப்படி ஒன்று இருக்கிறது என்பதை 1929இல் வெளியிட்டவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் காசில். இருவரும் சேர்ந்து சிறுகுடலின் நெடும்பாதையைக் கடந்து அதன் கடைக்கோடிக்கு வருகின்றனர். அங்கேதான் வாயில் இருக்கிறது. அந்த வாயிலில் காத்திருந்து இந்த இணையை இனங்கண்டு பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தின் பெயர் கியூபிலின்.

கியூபிலின் சிறிய புரதம் அன்று. 3,623 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. அதில் ஒன்றைப்போல் ஒன்றாக அமைந்த 27 கண்ணிகள் உள்ளன. அவற்றுள் 5 முதல் 8 வரையிலான கண்ணிகளே பி12ஐச் சுமந்துவரும் துணைவனைப் பிடிக்கின்றன என்று 2010இல் படம்பிடித்துக் காட்டினர். பிடிப்பதற்குச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமும் உடனிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய புரதத்துக்குக் குடலின் செல்லில் ஊன்றி நிற்க வேர் இல்லை என்பது வியப்பு! 'அம்னியான்லெஸ்' என்ற இன்னொரு சிறு புரதமே அதைத் தாங்கி நிற்கிறது. இரண்டில் எது பழுதானாலும் வாயில் அடைபட்டுவிடும்.

அந்த வாயில் இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். நம் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஏராளமாகப் பி12 ஆக்குகின்றன. ஆனால் வாயிலோ அதற்கு மேலே, சிறுகுடலின் முடிவில் இருக்கிறது. வாயிலைத் தாண்டிய பிறகு விளையும் செல்வம் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை.

இந்த வைட்டமினின் வரலாற்றில் நம் பக்கத்து மண்ணுக்குத் தனியிடம் உண்டு. இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அதன் தலைநகரான வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஆஸ்திரேலிய மருத்துவர் செல்வின் பேக்கர் தலைமையில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இயங்கிற்று. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்னும் ஓயாத வயிற்றுப்போக்கு ஊர் ஊராகப் பரவியது. குடலின் உட்சுவர் தேய்ந்து, உண்டது ஒட்டாமல், மக்கள் எலும்பும் தோலுமாக மெலிந்தனர், உயிரிழந்தவர்களும் உண்டு. பேக்கரும் அவருடன் உழைத்த வி. ஐ. மாத்தனும் கிராமங்களுக்கே சென்று ஆராய்ந்தனர். குடலின் கடைப்பகுதியும் கெட்டுப்போவதால் பி12 உள்ளே போவதில்லை என்பது அந்நோயாளிகளிடம் கண்ட முக்கிய உண்மைகளுள் ஒன்று. உண்பது வேறு, உடலில் சேர்வது வேறு என்பதை நம் பக்கத்துக் கிராமங்களே உலகுக்கு எடுத்துக்காட்டின.

1962இல் அதே மருத்துவமனையின் மருத்துவர்கள் ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினர். தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருந்த குழந்தைகள். தோல் கறுத்து, கை கால் நடுங்கி, முகம் பார்த்துச் சிரித்த சிரிப்பையும் மறந்து கிடந்தன. தாய்மாரிடமே பி12 இல்லை. ஆகவே பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின. நாம் முதலில் எண்ணிய மாட வீதி வீட்டுக் குழந்தைக்குரிய விடை அந்தக் கட்டுரையில் இருக்கிறது. 1980இல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 'நேச்சர்' இதழில் இன்னொன்றைத் தெரிவித்தனர்: நலமுடன் இருக்கும் தென்னிந்தியர் சிலரின் சிறுகுடலிலேயே, அதாவது வாயிலுக்கு மேலேயே, பி12 ஆக்கும் நுண்ணுயிர்கள் உள்ளன. சைவ உணவில் வாழ்வோர் பலர் நோயின்றி இருப்பதற்கு அது ஒரு காரணமாகலாம்.

கறி மணக்கும் வீட்டுக் குழந்தைக்குரிய விடையோ வடதுருவத்துக்கு அண்மையில் கிடைத்தது. 1960இல் நார்வேயின் ஓல்கா இமர்ஸ்லுண்ட், பின்லாந்தின் ரால்ஃப் கிராஸ்பெக் ஆகிய இரு மருத்துவர்களும் தனித்தனியே ஒரே நோயை விவரித்தனர். நன்றாக உண்ணும் வீட்டுக் குழந்தைகள், இரைப்பையில் குறையில்லை, குடலின் சுவரும் பார்வைக்குச் செம்மையாகவே இருக்கிறது, ஆயினும் பி12 உள்ளே செல்வதில்லை. அக்குழந்தைகள் பலரின் சிறுநீரில் புரதம் வெளியேறிக்கொண்டிருந்தது. இரத்தசோகைக்கும் சிறுநீருக்கும் என்ன உறவு? அன்றைக்கு எவருக்கும் விளங்கவில்லை.

உறவு கியூபிலினில் இருந்தது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஏறத்தாழ முழுவதையும் நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வடிகட்டும்போது ஆல்புமின் என்னும் புரதமும் சிறிதளவு நழுவி வந்துவிடும். அதை வீணாக்காமல் பிடித்து இரத்தத்துக்கே திருப்பும் வேலை, நுண்குழாயின் தொடக்கப் பகுதியில் உள்ள ஏற்பிகளுடையது. குடலில் பி12ஐப் பிடிக்கும் அதே கியூபிலின் இங்கே மெகலின் என்ற பெருந்துணையுடன் ஆல்புமினைப் பிடிக்கிறது; வைட்டமின் டியைச் சுமக்கும் புரதத்தையும் பிடிக்கிறது. இந்த ஏற்பியை நாயின் குடலிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்து 1981இலும், எலியின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்து 1988இலும் விளக்கியவர்களுள் முதன்மையானவர் பெல்லூர் சீதாராம். அமெரிக்காவில் ஆய்வு நடத்தியவர். குடலிலும் சிறுநீரகத்திலும் ஒரே ஆள் வேலை செய்கிறான் என்பது தெரிந்தபின் இமர்ஸ்லுண்டின் புதிர் அவிழ்ந்தது. 1999இல் பின்லாந்துக் குடும்பங்களில் கியூபிலின் மரபணுவின் பழுதும், 2003இல் அம்னியான்லெஸ் மரபணுவின் பழுதும் கண்டறியப்பட்டன.

இந்நோய் மிக அரிது. வடதுருவ நாடுகளின் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவு. அப்படியிருக்க நமக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்பீர்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுபட்ட இரு படிகள் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒரு படி மட்டும் உடையவர் நலமாகவே வாழ்வார், தம்மிடம் அது இருப்பதையும் அறியமாட்டார். கணவன் மனைவி இருவரிடமும் ஒவ்வொரு படி இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நால்வரில் ஒருவருக்கு நோய் வர வாய்ப்புண்டு. உறவுக்குள் மணம் செய்யும்போது இருவரும் ஒரே பாட்டனாரின் பழுதைச் சுமந்திருப்பது எளிதாகிவிடுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இரத்த உறவில் மணந்த பெண்களின் விகிதம் தமிழ்நாட்டில் 28 விழுக்காடு. மாமன் மகள், அத்தை மகள் என்று உறவு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம் பல சமுதாயங்களிலும் உண்டு. நம் வீடுகளில் மட்டும் என்று எவரும் எண்ண வேண்டா. துருக்கியர், யூதர், அரபியர் குடும்பங்களில் காணப்படும் அம்னியான்லெஸ் பழுது ஒன்று, பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்று 2011இல் கணித்தனர். இன்று மதத்தாலும் நாட்டாலும் பிரிந்து நிற்போர்க்கு ஒரே பாட்டனார்!

உறவில் மணந்த அத்தனை பேரும் அஞ்ச வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலோர்க்கு நலமான மக்களே பிறக்கின்றனர். ஆனால் குழந்தை வெளுத்திருக்கும்போது "நாங்கள் இருவரும் அத்தை மக்கள், மாமன் மக்கள்" என்ற செய்தியை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், வெட்கப்படவும் வேண்டாம். அந்த ஒரு வரி, நோயைத் தேடும் திசையையே மாற்றிவிடும்.

ஏனெனில் திசை தவறுவதற்கு இங்கே வழிகள் மிகுதி. வெளுத்த குழந்தைக்கு முதலில் கிடைப்பது இரும்புச்சத்து டானிக். இந்நோயில் அதனால் பயனில்லை. பி12 குறைவில் சிதையும் அணுக்களால் கண்ணில் சற்று மஞ்சள் படரும். உடனே காமாலை என்று முடிவுகட்டிக் கீழாநெல்லி அரைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! சிறுநீரில் புரதம் என்ற சீட்டு கையில் வந்தாலோ வீடே கலங்கிவிடும்; சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று உறவெல்லாம் அழும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஃபோலிக் அமில மாத்திரை. அதைத் தனியே கொடுத்தால் இரத்தம் சற்றுத் தேறுவதுபோல் காட்டும். நரம்பின் சிதைவோ உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே குழந்தையின் வெளுப்பு இரும்பு டானிக்குக்கு மசியாவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. இரத்த அணுக்கள் அளவில் பெருத்திருக்கின்றனவா? பி12 எவ்வளவு? சிறுநீரில் ஆல்புமின் உண்டா? மூன்றும் மாவட்ட மருத்துவமனை அளவிலேயே விடை காணக்கூடியவை. திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டியிருந்தால் வேலூரோ சென்னையோ எட்டாத தொலைவில்லை. ஒரு எச்சரிக்கை: சிறுநீரில் புரதம் போகும் குழந்தைகளில் பெரும்பாலோர்க்குக் காரணம் வேறு, முகமும் காலும் வீங்கினால் அதற்குரிய மருந்து இன்றியமையாதது. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

கியூபிலினின் கதையில் வேறொரு கிளையும் இருக்கிறது. சங்கிலியின் பிற்பாதிக் கண்ணிகள் பழுதானால் பி12 வழக்கம்போல் ஏறுகிறது, இரத்தசோகை இல்லை, சிறுநீரில் புரதம் மட்டும் ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். அத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டபோது, அவர்களின் சிறுநீரகம் செம்மையாக இயங்குவதைக் கண்டனர். புரதம் போவது எப்போதுமே சிறுநீரக அழிவின் அறிகுறி என்று படித்துவந்த மருத்துவர்களுக்கே இது புதிய பாடம்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த வாயிலோடு தொடர்புண்டு. நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்பவர்களுக்குப் பி12 குறைவது நெடுநாளாக அறிந்த செய்தி. கியூபிலின் தன் இணையைப் பிடிக்கக் கால்சியம் வேண்டும் என்றோமே, அந்த இடத்தில் மாத்திரை இடைமறிக்கிறது என்பது ஒரு விளக்கம். 2022இல் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மெட்பார்மின் உண்போரில் அறிகுறி உள்ளவர்களுக்குப் பி12ஐச் சோதிக்குமாறு அறிவுறுத்தியது. கால் எரிகிறது, மரத்துப்போகிறது என்று அத்தாவோ நன்னாவோ சொல்லும்போது, எல்லாம் சர்க்கரையின் வேலை என்று தள்ளிவிடாமல் இதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அமிலத்தை அடக்கும் மாத்திரைகளை நெடுங்காலம் விழுங்குவோர்க்கும் இது பொருந்தும். இறைச்சியிலிருந்து பி12ஐப் பிரிப்பதே அந்த அமிலம்தானே!

இனி, ஈரல் ஊட்டிய அந்தத் தாய்க்கு வருவோம். இமர்ஸ்லுண்ட்–கிராஸ்பெக் நோய் என்று உறுதியானால் மருத்துவம் கடினமானதன்று. வாயில் அடைபட்டிருப்பதால் சுற்றுவழியாக, ஊசி மூலம் தசையில் பி12 செலுத்துவர். தொடக்கத்தில் நாள்தோறும், பின்னர் பெரும்பாலும் மாதம் ஒருமுறை, வாழ்நாள் முழுவதும். சில நாட்களிலேயே குழந்தைக்குப் பசி திரும்பும்; ஒரு வாரத்துக்குள் புதிய இரத்த அணுக்கள் பெருகுவது பரிசோதனையில் தெரியும். சிறுநீரில் போகும் புரதமோ ஊசிக்குப் பிறகும் போய்க்கொண்டே இருக்கும். இந்நோயில் அதனால் சிறுநீரகம் கெடுவதில்லை. ஆகையால் நோயின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, குழந்தையின் மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைத்திருங்கள். நாளை பிழைப்புக்காக அவன் சென்னைக்கோ துபாய்க்கோ போய், அங்கே ஒருவர் சிறுநீரைச் சோதித்துப் புருவத்தை உயர்த்தும்போது, அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.