வலை பின்னும் சிலந்தி ஆணா, பெண்ணா?

காரைக்காலம்மையார் பாடிப் பரவிய திருவாலங்காட்டை மாணவர்கள் அறிவீர்கள். அம்மையாரின் வரலாற்றைக் கூறும் பெரியபுராணத்திலேயே ஒரு சிலந்தியின் வரலாறும் உண்டு. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய இறைவன்மேல் சருகுகள் உதிராவண்ணம் அச்சிலந்தி நூலால் மேற்கட்டி அமைத்தது. மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. பிறந்தவன் அரசனாதலின், பின்னிய சிலந்தியையும் ஆணாகவே எண்ணிப் பழகிவிட்டோம்.

இன்றைய கணினி விளையாட்டுக்களிலும் விலங்குகள் பேசுகின்றன, போர் புரிகின்றன. பேச்சு வந்தவுடன் அவற்றுக்கு ஆண், பெண் என்னும் வேடமும் வந்துவிடுகிறது. அவ்வேடம் இயற்கையை ஒத்ததா என்பதே என் வினா. ஆஸ்திரேலியாவில் உருவாகி 2021-இல் வெளிவந்த ‘வெப்டு’ என்னும் விளையாட்டில், மயிற்சிலந்தி ஒன்று பறவையிடம் சிக்கிய தன் காதலனை மீட்கப் புறப்படுகிறது. நூலில் ஊசலாடுகிறது, நடனமும் ஆடுகிறது. உண்மையான மயிற்சிலந்தியோ இரையைப் பிடிக்க வலை பின்னுவதில்லை; தாவிப் பிடிக்கிறது. வண்ண உடலை விரித்து நடனமாடுவது ஆணே. மங்கிய நிறமுடைய பெண்ணின் மனத்தைக் கவரவே அவ்வாட்டம்.

வட்ட வலை பின்னும் சிலந்திகளின் செய்தி வேறு. இளமையில் ஆணும் பெண்ணும் வலை பின்னுகின்றன. முதிர்ந்தபின் ஆண் பெரும்பாலும் தன் வலையைத் துறந்து பெண்ணைத் தேடி அலைகிறது. ஆகவே நாம் காணும் பெரிய வலையின் நடுவே வீற்றிருப்பது பெரும்பாலும் பெண்ணே. நம் மலைக்காடுகளில் பொன்னிற நூல் நூற்கும் பெருஞ்சிலந்தி ஒன்று உண்டு. அதன் பெண்ணின் உடல் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளமிருக்கும். ஆணுக்கோ ஒரு சென்டிமீட்டரும் இராது. இரையென்று கருதிவிடாதிருக்க, ஆண் வலையிழையைத் தனி முறையில் அதிரச் செய்து தன் வரவை அறிவிக்கும் சிலந்தி இனங்களும் பல. அப்போதும் சில வேளைகளில் அது இரையாவதுண்டு; எனினும், பெண் எப்போதும் ஆணைத் தின்றுவிடும் என்பது மிகைக் கூற்று.

இவ்விடத்தில் நம் மொழியின் வகுப்பு நினைக்கத்தக்கது. தமிழில் விலங்கு அஃறிணை. ‘வந்தது’ என்றே கூறுகிறோம். ஆண், பெண் வேற்றுமை வேண்டுமிடத்துக் களிறு, பிடி எனவும், கலை, பிணை எனவும் தனிப்பெயரால் சுட்டுகிறோம். தொல்காப்பிய மரபியல் இத்தகைய பெயர்களைத் தொகுத்துரைக்கிறது. உற்று நோக்கி அறியுமுன் ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ துணிய வேண்டுவதில்லை.

விளையாட்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கற்பனைக்குத் தன் உரிமை உண்டு. ஆனால், வீரம் ஆணுக்கு, அச்சம் பெண்ணுக்கு என்று நாம் விலங்கின்மேல் ஏற்றியதையே இயற்கையின் விதி எனக் கொள்வது பிழை. வேலியில் வலையைக் கண்டால் கலைக்காமல் பாருங்கள். ஓரத்தில் ஒரு சிறிய சிலந்தி ஒதுங்கியிருந்தால், அதன் வாயருகேயுள்ள இரு சிற்றுறுப்புகளின் நுனியை நோக்குங்கள். அவை குமிழ்போல் பருத்திருப்பின், அது முதிர்ந்த ஆண்.