முடி போனால் வளரும்!

மீஞ்சூரிலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டி எங்களுக்கு இன்னொரு வீடு. நந்தியம்பாக்கம் வருவதற்குள் பூ கட்டி முடித்துவிடுவார் ஒருவர். அத்திப்பட்டில் ஏறுகிறவர் டிபன் டப்பாவைத் திறப்பார். எண்ணூர் தாண்டும்போது ஊர் வம்பெல்லாம் ஒரு சுற்று வந்துவிடும்.

2025 கோடையில் ஒருநாள், எங்கள் கூட்டத்திலேயே மூத்தவரான பூக்கார அக்கா, பக்கத்தில் இருந்த பெண்ணின் செல்போனை எட்டிப் பார்த்தார்.

“யாருடி இந்தம்மா? எங்கேயோ பார்த்த முகமா இருக்கே?”

“அருணா இரானிக்கா. இந்தி நடிகை. சீரியல்ல கூட வருவாங்க. ரெண்டு தடவை மார்புல கேன்சர் வந்து பிழைச்சிருக்காங்களாம். இப்பத்தான் வெளியில சொல்லியிருக்காங்க.”

“ஐயோ பாவம்! அதென்னடி இரானி? வெளிநாட்டுக்காரியா?”

அக்காவுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நெருப்பைக் காத்து வந்தவர்கள்

நாம் இறங்குகிற ராயபுரத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. அங்கே பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயில் ஒன்று 1910 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே அவர்களுக்கு இருப்பது அந்த ஒன்றுதான். ஜரதுஷ்டிரரின் வழி நடப்பவர்கள் அவர்கள். பாரசீகத்திலிருந்து ஆயிரம் வருஷத்துக்கும் முன்பே கப்பலேறி குஜராத் கரைக்கு வந்தவர்களைப் பார்சிகள் என்கிறோம். அதே மதத்தவர்களில் வெகுகாலம் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும், ஈரானின் யஜ்த், கெர்மான் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு ‘இரானி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மும்பையில் இரானி ஓட்டல் டீயும் வெண்ணெய் தடவிய பன்னும் இவர்கள் வைத்த கடைகளால் வந்த பெருமைதான்.

தமிழ் ரசிகர்களுக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. 1957ல் வந்த ‘யார் பையன்’ படத்தில் ஜெமினி கணேசனையும் சாவித்திரியையும் படாதபாடு படுத்திய அந்தச் சுட்டிப் பையன் நினைவிருக்கிறதா? பையன் அல்ல, பெண்! டெய்ஸி இரானி என்ற சிறுமி அவள்.

எட்டுப் பேரில் மூத்தவள்

அருணா இரானி 1946 ஆகஸ்ட் 18ஆம் தேதி மும்பையில் பிறந்தார். அப்பா பரிதூன் இரானி நாடகக் கம்பெனி நடத்தியவர். அம்மா சகுணா நடிகை. வீட்டில் எட்டுக் குழந்தைகள். மூத்தவள் அருணா.

மூத்த பெண்ணாகப் பிறப்பது என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நாடகத்தில் வருகிற வருமானம் எத்தனை வாய்க்குப் போதும்? ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள். தம்பி தங்கைகள் படிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். 1961ல் திலீப்குமாரின் ‘கங்கா ஜமுனா’வில் சின்னப் பெண்ணாகத் தலைகாட்டினார். நடனம் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வைக்க வசதியில்லை. படப்பிடிப்பில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றவர் ‘காரவான்’ (1971) படத்தில் ஆடிய ஆட்டத்தை வடக்கே இன்றைக்கும் பேசுகிறார்கள்.

மறு வருஷமே ‘பம்பாய் டு கோவா’. இது நம்ம ஊர் சரக்கு! ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ் நடித்து 1966ல் வந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’யைத்தான் இந்தியில் எடுத்தார்கள். அதில் கதாநாயகி அருணா. கதாநாயகன், அப்போது பெரிய பெயர் எடுத்திராத அமிதாப் பச்சன்.

ஆனால் கதாநாயகியாக அவர் தொடரவில்லை. ஒரு பெரிய நடிகரோடு அவரைச் சேர்த்து வதந்தி கிளம்பியது. கல்யாணமே ஆகிவிட்டது என்று எழுதினார்கள். அவர் வாய் திறந்து மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்ததுதான் தாம் செய்த தப்பு என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். வாய்ப்புகள் நின்றுபோயின. வதந்தி ஆணையும் பெண்ணையும் சேர்த்துத்தான் கிளம்புகிறது. ஆனால் அடுப்பு அணைவது பெண் வீட்டில்தான்!

அருணா உட்கார்ந்து அழவில்லை. நாயகி வேடம் இல்லையா, தோழி வேடம் கொடுங்கள். தோழி இல்லையா, வில்லி கொடுங்கள். 1973ல் ‘பாபி’யில் ஒரு சின்னப் பாத்திரம். இப்படியே இந்தி, குஜராத்தி, மராத்தி, கன்னடம் என்று நூற்றுக்கணக்கான படங்கள். ‘பேட் பியார் அவுர் பாப்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்பேர் பரிசு 1985ல் கிடைத்தது. 1993ல் மறுபடியும் அதே பரிசு, ‘பேட்டா’ படத்துக்காக.

அந்த ‘பேட்டா’வும் நமக்குத் தெரிந்த கதைதான். பாக்யராஜும் ராதாவும் நடித்த ‘எங்க சின்ன ராசா’ (1987) தான் இந்தியில் ‘பேட்டா’ ஆனது. அந்தக் கதையில் வரும் கொடுமைக்காரச் சித்தியாக அருணா நடித்தார். படத்தை இயக்கியவர் இந்திரகுமார். யார் தெரியுமா? அருணாவின் சொந்தத் தம்பி. அக்கா படிப்பை விட்டு வளர்த்த குடும்பத்திலிருந்து ஒரு தம்பி இயக்குநராகி, அக்காவுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தான். கேட்கவே நெஞ்சு நிறைகிறது அல்லவா?

1990ல் இயக்குநர் குக்கூ கோலியை மணந்தார். பிறகு சின்னத்திரைக்கு வந்தார். சும்மா வந்து நடித்துவிட்டுப் போகவில்லை. ‘தேஸ் மே நிக்லா ஹோகா சாந்த்’ என்ற தொடரை 2001ல் தாமே தயாரித்தார். அதைத் தொடர்ந்து இன்னும் சில தொடர்கள். ஆறாம் வகுப்போடு நின்ற பெண், ஐம்பத்தைந்து வயதில் பத்துக் குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி அம்மாவானார். 2012ல் வாழ்நாள் சாதனைக்கான ஃபிலிம்பேர் விருதும் வந்தது.

படப்பிடிப்பில் ஒரு நெருடல்

இனிதான் நம் வீட்டுக்கும் வேண்டிய விஷயம்.

2015ல் ஒருநாள் படப்பிடிப்பில் இருந்தபோது மார்பில் ஏதோ நெருடுவது போல அவருக்குத் தோன்றியது. டாக்டரிடம் போனார். சின்னக் கட்டிதான், பெரிதாக ஒன்றுமில்லை என்பது போலச் சொன்னார்களாம். அருணா விடவில்லை. எடுத்துவிடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். எடுத்துப் பார்த்ததில் அது புற்றுநோய்!

இதுவரை அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. உடம்பு சொன்னதை நம்பினார். தள்ளிப்போடவில்லை.

அடுத்து டாக்டர்கள் கீமோதெரபி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கேதான் அவர் தயங்கினார். முடி கொட்டிவிட்டால் கேமரா முன் எப்படி நிற்பது? கையில் வேலை இருக்கிறதே! கீமோ வேண்டாம் என்று மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார்.

2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனா பயத்தில் கதவடைத்த சமயம், நோய் திரும்பி வந்தது. முதல் தடவை கீமோ எடுத்துக்கொள்ளாதது தன் தப்புத்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். இந்தத் தடவை தயங்கவில்லை. கீமோ எடுத்துக்கொண்டார், தேறினார். சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் வேறு அவருக்கு அறுபது வயதிலிருந்தே உண்டு. இத்தனையையும் வெளியில் சொல்லாமல் வைத்திருந்து, 2025ல், எழுபத்தெட்டு வயதில்தான் மனம் திறந்தார். முடி கொட்டும்தான், ஆனால் திரும்ப வளர்ந்துவிடும் என்றும் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வயதிலிருந்து முகமும் முடியுமே குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கின்றன. அதை இழக்க யாருக்குத் துணிவு வரும்? நாம் மட்டும் என்ன? ‘பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’, ‘பையனுக்குப் பரீட்சை முடியட்டும்’ என்று எத்தனை வலிகளை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறோம்!

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்க நல்ல வழி உண்டு. ஆகவே:

மாதம் ஒருமுறை, மாதவிலக்கு முடிந்து சில நாட்கள் கழித்துக் கண்ணாடி முன் நின்று பாருங்கள். விலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். விரல்களின் உட்பக்கத்தால் மார்பு முழுவதும், அக்குள் வரைக்கும் வட்டமாகத் தடவிப் பாருங்கள்.

புதிதாகக் கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுப்பழத் தோல் போல் சொரசொரப்பு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து இரத்தமோ நீரோ வருவது, அக்குளில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். பெரும்பாலும் இந்த நோய் தொடக்கத்தில் வலிப்பதே இல்லை.

கட்டி என்றாலே புற்றுநோய் என்று நடுங்கவும் வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவை. ஆனால் எது சாதாரணம் என்று சொல்ல வேண்டியது டாக்டர். அடுத்த வீட்டு மாமி அல்ல. நாற்பது வயதானவர்கள் மாமோகிராம் எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்பது வீண் பயம்.

கீமோ எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. சிலவகை நோய்க்கு மாத்திரையே போதும். அது கட்டியின் தன்மையைப் பொறுத்தது. டாக்டர் வேண்டும் என்று சொன்னால், முடிக்காக மட்டும் மறுக்காதீர்கள். முடி கொட்டுவது வழக்கமாக மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில். மருந்து முடிந்த சில மாதங்களில் வளரத் தொடங்கிவிடும்.

செலவுக்கு எங்கே போவது என்கிறீர்களா? அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஏழைகளும் சிகிச்சை பெற வேண்டும் என்று பாடுபட்டு 1954ல் தொடங்கியது அது. அரசு ஆஸ்பத்திரிகளும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும்.

மறுபடியும் ரயிலில்

அன்றைக்கு இவ்வளவையும் ரயிலில் பேசி முடித்தபோது திருவொற்றியூர் வந்துவிட்டது. வாயாடியான பூக்கார அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். தண்டையார்பேட்டையில் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

“ஏம்மா, கட்டி வலிக்காம கூட இருக்குமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எத்தனை நாளாக்கா?”

“பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து. வியாபாரத்தை விட்டுட்டு எங்கே போறது? அப்படியே ஏதாச்சும் இருந்து, மொட்டையாயிட்டா பூ வாங்க எவ வருவா?”

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒருகணம் வாயடைத்துப் போனோம். கடைசியில் டிபன் டப்பாக்காரப் பெண்தான் சட்டென்று சொன்னாள்: “ஏன்க்கா, போன வருஷம் திருத்தணிக்கு மொட்டை போட்டீங்களே, வளரலையா? சாமிக்குன்னா கொடுப்பீங்க, உங்களுக்குன்னா மாட்டீங்களா?”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்த திங்கட்கிழமை எங்களில் இரண்டு பேர் லீவு போட்டுவிட்டு அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன், ஊசிச் சோதனை எல்லாம் ஆயிற்று. முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் பெட்டியில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கடைசியில் வந்த சீட்டைப் பார்த்த டாக்டர், “நீர்க்கட்டிதான், பயம் இல்லை. ஆனா ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டணும்” என்றார்.

மறுநாள் எங்கள் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் அக்கா ஒரு முழம் மல்லிகை இலவசமாகக் கொடுத்தார்.

“அந்த இரானி அம்மாவுக்கும் ஒரு முழம் கொடுக்கணும்டி” என்றார். “அந்தம்மா வாயைத் திறந்து சொன்னதாலதானே நானும் வாயைத் திறந்தேன்?”

சகோதரிகளே, இதைப் படித்து முடித்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிடாதீர்கள். காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதுகிற அதே காலண்டரில் உங்களுக்காக ஒரு நாள்!